நான் நீட்டிவிட்ட தண்டுவடம்

தொழிற்சாலைச் சண்டைகளைப் பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, பழைய சகா ஒருவர் போன் போட்டார். "எல்லாச் சண்டையிலும் நீயே ஜெயிச்சிருக்கியே ஏழுமலை, அது எப்படிய்யா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆகவே இந்த வாரம் நான் தோற்ற கதை.

மழை விட்டிருந்த ஒரு காலை. தவளக்குப்பம் கூட்டுரோட்டில் பாண்டி பஸ்ஸுக்காக நிற்கிறேன். தோளில் என் உயரத்துக்கு ஒரு முதுகெலும்பு. நிஜ எலும்பு இல்லை, பயந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைக் கோத்து நானே செய்தது. அதன் மேல் சந்தனம், குங்குமம், வாடிய சாமந்தி மாலை. கழற்ற நேரம் இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர், "சார், அத்தப் படுக்க வைங்க, பின்னாடி பொம்பளைங்க பயப்படுறாங்க" என்றார். படுக்க வைத்தால் நடைபாதை அடைத்துக்கொண்டது. நிற்க வைத்தால் மேலே இடித்தது. கடைசியில் ஜன்னல் பக்கம் ஒரு சீட்டில் சாய்த்து உட்கார வைத்தேன். அரியாங்குப்பத்தில் ஏறிய அம்மா ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, கீழிருந்து நாலாவது எலும்பைத் தொட்டு, "எனக்கு இங்கதான்பா புடிச்சிக்குது" என்றார். இறங்கும்வரை தன் வலியை என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி மறித்தார்.

"இன்னா சார் இது?"

"முதுகெலும்பு."

"யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு. பெண்கள் வார்டுல இருக்காங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "பிளேட்டு, ஸ்குரூவெல்லாம் வெளிய வாங்கியாரச் சொல்வாங்க, தெரியும். இப்ப முழுசாவே வாங்கியாரச் சொல்லிட்டாங்களா? அடப்பாவமே" என்று உச்சுக்கொட்டி, பாஸ்கூடக் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். லிப்ட்வரை கூடவே வந்து ஒரு முனையையும் தாங்கினார். விளக்கம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கேபிள்காரன் புத்தி

இந்தக் கூத்து எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பாண்டி மேட்டுப்பாளையத்தில் ஒரு கேபிள் கம்பெனி. அங்கே தரக்கட்டுப்பாட்டில் பல வருஷம் குப்பை கொட்டினேன். நாள் முழுக்க எனக்கு ஒரே வேலை. கேபிளை வெட்டி, உள்ளே கம்பி சரியாக இருக்கிறதா, மேலே ஒவ்வொரு உறையும் சமமான தடிமனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தப்பாக இருந்தால் 'ரிஜெக்ட்' முத்திரை. அந்த முத்திரையைக் கையில் வைத்திருப்பவனுக்கு ஒரு நோய் வரும். உலகத்தில் எதைப் பார்த்தாலும் முத்திரை குத்தக் கை துறுதுறுக்கும். கல்யாண வீட்டு சாம்பாரைக்கூட நான் விட்டதில்லை.

என் மகள் பவித்ரா நர்சிங் இரண்டாம் வருஷம் படித்தபோது, கல்லூரிக் கண்காட்சிக்கு மாதிரி ஒன்று செய்யச் சொன்னார்கள். அவளுக்கு வந்த தலைப்பு தண்டுவடமும் அதன் உறைகளும். புத்தகத்தைக் காட்டினாள். பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

நடுவில் விரல் தடிமனில் நரம்புத் தண்டு. அதை ஒட்டினாற்போல் மெல்லிய ஜவ்வு, பேர் பையா மேட்டர். அதற்கு மேல் சிலந்திவலை மாதிரி ஒன்று, அரக்னாய்டு. இந்த இரண்டுக்கும் நடுவே தெளிந்த தண்ணீர். எல்லாவற்றுக்கும் வெளியே கெட்டியான உறை, ட்யூரா மேட்டர். அதற்கும் வெளியே கொஞ்சம் கொழுப்பு, பிறகு எலும்பு. அட, இது கேபிள்தானே! ஆண்டவனும் நம்ம லைன்தான் என்று எனக்கு ஒரே பெருமை.

"நீ போய்ப் படி. அப்பா பாத்துக்கறேன்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.

எலும்புக்குக் குழாய் கப்ளிங், முப்பத்து மூன்று. நடுவே 'டிஸ்க்' வட்டுக்கு ரப்பர் செருப்பு வெட்டிய வில்லைகள். தண்டுக்கு டெலிபோன் வயர் கட்டு. பையாவுக்கு ஒளி ஊடுருவும் டேப், அரக்னாய்டுக்குக் கொசுவலை, ட்யூராவுக்குச் சாம்பல் நிற உறைக்குழாய். உள்ளே தண்ணீர் ஊற்றினால் ஒழுகியது. தேங்காயெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். மார்கழிக் குளிரில் அது உறைந்து, என் முதுகெலும்புக்கு ஜன்னி கண்டுவிட்டது. கடைசியில் கிளிசரின் போட்டு சரிக்கட்டினேன்.

எல்லாம் சரி. ஒரு இடம்தான் உறுத்தியது. படத்தில் தண்டுவடம் இடுப்பின் முதல் எலும்புக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. உறையோ அதையும் தாண்டிக் கீழே போகிறது. உறை இருக்கிறது, உள்ளே கம்பி இல்லை. என் ஜென்மத்தில் இப்படி ஒரு கேபிளை நான் பாஸ் பண்ணியதில்லை. இது அச்சுப் பிழை என்று முடிவு கட்டினேன். பவித்ரா வார்டு டியூட்டியில் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்டுவடத்தை வால் எலும்புவரை நீட்டிவிட்டேன்.

கண்காட்சிக்கு முந்தின சாயங்காலம்தான் பார்க்கக் கொடுத்தேன். அவள் பார்த்த பார்வை இருக்கிறதே.

"அப்பா, இது மூணு மாசக் கருவுக்குத்தான் சரி. வயித்துல இருக்கும்போது தண்டுவடம் கடைசிவரைக்கும் இருக்கும். அப்புறம் எலும்பு மளமளன்னு வளரும், தண்டுவடம் அவ்ளோ வளராது. அதான் மேலயே நின்னுடும். நீங்க அஞ்சரை அடிக்குக் கரு செஞ்சி வச்சிருக்கீங்க."

மறுநாள் அவள் கல்லூரியில் அதை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்கு ஒரு மன்னிப்பு கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள். நான் செய்தது இன்னும் மோசம். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "முதல் பரிசு" என்று சொல்லிவிட்டேன். என் மானத்துக்காக அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

முதுகெலும்புக்குப் படையல்

என் அக்கா அஞ்சலாட்சி தவளக்குப்பத்தில் மீன் விற்கிறாள். மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளை இல்லை. அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். அவளைப் பொறுத்தவரை உலகத்தில் படித்தவன் ஒருத்தன், அது நான். நான் படித்தது ஐ.டி.ஐ.

முதல் பரிசு என்று கேள்விப்பட்டதும் நேரே வந்து, "எங்க வூட்ல மாட்டறேன், குடு" என்று அந்த முதுகெலும்பைத் தூக்கிப் போய்விட்டாள். முன் அறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தாள். தெருவில் முதுகு பிடித்தவர்கள் எல்லாம் வந்து, அதைப் பார்த்துத் தங்கள் வலி எந்த எலும்பு என்று அடையாளம் சொல்லிப் போனார்கள். நான் போகும்போதெல்லாம் ஒரு குச்சியை எடுத்து வகுப்பு நடத்துவேன். "இதோ பாருங்க, தண்டுவடம் இங்கேருந்து வால் வரைக்கும். எங்க குத்தினாலும் ஆபத்துதான்" என்பேன். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்பாள். அந்தத் தலையாட்டலுக்காகவே நான் அடிக்கடி போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வழுக்கியது

மீன் கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் வழிந்த இடத்தில் அக்கா கால் வைத்தாள். வழுக்கி விழுந்ததில் தொடையெலும்பு இடுப்பைச் சேரும் இடத்தில் முறிந்துவிட்டது.

ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் படுத்த படுக்கைதான் என்றார்கள். அவளுக்கு ஆஸ்துமா இளைப்பு வேறு. முழு மயக்கம் கொடுத்தால் நுரையீரல் தாங்குமா என்பது சந்தேகம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வதுதான் நல்லது என்று மயக்க டாக்டரம்மா சொன்னார். சின்ன வயசு, பொறுமையான பெண். "எங்க போடுவீங்க?" என்று அக்கா கேட்டாள். டாக்டரம்மா இடுப்பில் கை வைத்துக் காட்டினார்.

"அங்கயா? அங்க நரம்பு இருக்குதும்மா" என்றாள் அக்கா.

"அங்க தண்டுவடம் இல்லைங்கம்மா. மேலயே முடிஞ்சிடுது."

"என் தம்பி செஞ்சி காட்டியிருக்கான். முதல் பரிசு வாங்கினது. வால் வரைக்கும் போவுது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடற்கரைப் பக்கம் காகம் ஒன்று பறந்துகொண்டிருந்தது.

கூட வந்திருந்த பவித்ரா எடுத்துச் சொன்னாள். "உங்கப்பன் சொன்னத நீயே மாத்தறியாடி?" என்று அவளுக்கு அர்ச்சனை. நான் மென்று விழுங்கி, "அக்கா, அது தப்பு. நான்தான் தெரியாம நீட்டிட்டேன்" என்றேன். அக்கா சிரித்துவிட்டாள்.

"டேய், எனக்கு ஊசி போடணும்னு நீயும் பொய் சொல்றியா? பரிசு குடுத்தவங்க முட்டாளா? இல்ல, வருஷம் முழுக்க குச்சி வச்சி காட்டினியே, அது வேற யாருடா?"

நான் சொன்ன பொய்யை நம்பினாள், நிஜத்தை நம்பவில்லை. இரண்டு நாள் ஓடிவிட்டது. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம், அதற்கு மேல் நல்லதில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். அக்கா கடைசியாக ஒரு நிபந்தனை போட்டாள். "அத்தக் கொண்டா இங்க. எது தப்புன்னு என் கண்ணு முன்னால காட்டு."

அதற்குத்தான் அந்தப் பஸ் பயணம்.

வார்டில் அறுவை

வார்டுக்குள் முதுகெலும்பு நுழைந்ததும் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் எல்லோரும் மதாம் என்று கூப்பிடும் அம்மா ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் இயற்கை அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கை முறிந்து கட்டுப் போட்டிருந்தார். அவருக்கும் அக்காவுக்கும் முதல் நாளே வாய்த்தகராறு. அக்காவின் பையில் மீன் வாடை என்று அவர் ஜன்னலைத் திறக்க, அவருடைய சென்ட்டுக்கு மீனே தேவலை, குளிருது மூடு என்று அக்கா படுத்தபடியே கத்த, ஆயாம்மா வந்து பாதி திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நான் கத்தியை எடுத்து வெளி உறையை நீளவாக்கில் கீறினேன்.

"ஆ! துய்ர் மேர்" என்றார் மதாம், உற்சாகமாக.

"அந்தம்மா இன்னாடா சொல்லுது?"

"இந்த உறைக்குப் பிரெஞ்சுல பேருக்கா. கெட்டியான அம்மான்னு அர்த்தமாம்." அதை நான் பவித்ராவிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தேன். "உள்ள ஒட்டியிருக்கறது மிருதுவான அம்மா."

"ரெண்டு அம்மாவா? ரெண்டு பேரும் சண்டை போட மாட்டாங்களா?"

"நடுவுல தண்ணி இருக்குதுக்கா."

கொசுவலையை ஒதுக்கினேன். கிளிசரின் ஒழுகி அக்காவின் போர்வையில் கொட்டியது. டெலிபோன் வயர் கட்டு வெளியே தெரிந்தது. இடுப்பின் முதல் எலும்பை எண்ணிப் பிடித்து, அதற்குக் கொஞ்சம் கீழே கட்டிங் பிளேயரை வைத்தேன். இதைச் செய்ய ஒரு மாசம் ஆனது, தெரியுமா? வெட்டினேன். மிச்சத்தை இழை இழையாகப் பிரித்து, தளரத் தொங்கவிட்டேன்.

"க்யூ த ஷெவால்!" என்று மதாம் ஒற்றைக் கையால் கட்டிலைத் தட்டினார். "குதிரை வால், அஞ்சலாட்சி. தண்டு அங்கயே முடிஞ்சி போச்சு. கீழ வெறும் வால். மெய்தான், நான் முப்பது வருஷம் சொல்லிக் குடுத்துருக்கேன்."

"வால் மட்டும் நரம்பு இல்லியா? அதுல குத்தினா?" அக்கா விடவில்லை.

பவித்ரா முன்னால் வந்தாள். "அத்தை, அது தண்ணியில மிதக்குது. சேமியா பாயசத்துல ஊசியால சேமியாவைக் குத்திப் பாருங்க. வழுக்கிட்டு ஒதுங்கிடும்."

"நான் வைக்கற பாயசத்துல ஒதுங்காதுடி. அப்படியே நிக்கும்."

வார்டு கொல்லென்று சிரித்தது. மதாமும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆபரேஷனுக்காக இப்ப வெட்டிட்டே. நாளைக்கே மறுபடி ஒட்டிடுவ. உன்னைத் தெரியாதா எனக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் அவள் மேலா, என் மேலா, தெரியவில்லை. பிளேயரைத் தரையில் போட்டேன்.

"பரிசு வரலக்கா" என்றேன். "மேசைக்கு அடியில தள்ளிட்டாங்க. இந்தப் பொண்ணு வந்து அழுதா. நான் தப்பு பண்ணேன்னு அவகிட்டகூட சொல்லல. உங்கிட்ட முதல் பரிசுன்னு புளுகினேன். நீ தலையாட்டி கேட்டது எனக்கு நல்லா இருந்துச்சு. அதுக்காகத்தான் வருஷம் முழுக்க குச்சிய எடுத்துகிட்டு வந்தேன்."

நடுவில் நின்றுகொண்டிருந்த பவித்ராவைப் பார்த்து, "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா வெட்டுப்பட்ட வயர்களை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"நீ போடும்மா ஊசி" என்றாள். "இவன் பொறந்ததுலேருந்து நான் பாக்கறேன். தோத்தேன்னு ஒருநாளும் சொன்னதில்ல. இத்தினி பேரு முன்னால சொல்றான்னா நெஜந்தான்."

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு என்னிடம், "எங்கிட்ட எதுக்குடா பொய் சொன்னே? சும்மா வந்தாக்கூட தலையாட்டியிருப்பேனே" என்றாள். நான் குனிந்து பிளேயரைப் பொறுக்கினேன்.

மரத்த கால்

மறுநாள் ஆபரேஷன் முடிந்து தள்ளுவண்டியில் வரும்போதே அக்கா பேசிக்கொண்டு வந்தாள். முதுகை வளைத்து உட்காரச் சொன்னார்களாம். சுருக்கென்று ஒரு குத்து. ஊசி வழியாகத் தண்ணீர் சொட்டியதை நர்ஸ் சொன்னாளாம். "பன்னீர் மாதிரி சுத்தமா இருந்துச்சாம்டா, எனக்குள்ள இருந்தது!" அப்புறம் உள்ளே ஒரே தச்சு வேலையாம். யாரோ தட்டினார்களாம், துளை போட்டார்களாம். "யாரு வூட்டு கதவோன்னு நெனச்சேன். பாத்தா என் காலு."

டாக்டரம்மா என் தோளைத் தட்டி, "நல்லபடியா முடிஞ்சது. உணர்ச்சி திரும்ப ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். எதிரே அக்காவின் இரண்டு பாதங்கள். வெடிப்பு விழுந்த, உப்பு ஊறிய பாதங்கள்.

"எங்க, கிள்ளு பாக்கலாம்" என்றாள்.

"கிள்ளிட்டேன்கா."

"எப்ப?"

அதுவரை பட்ட பயம் ஒரு பக்கம், அப்போது வந்தது வேறு. புத்தகம் சொல்கிறது, டாக்டர் சொல்கிறார், மகள் சொல்கிறாள். எல்லாம் சரி. ஆனால் ஒருவேளை நான் சொன்னது சரியாக இருந்தால்? என் அக்காவுக்கு மட்டும் தண்டுவடம் கடைசிவரை இருந்திருந்தால்? பைத்தியக்கார எண்ணம்தான், எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷம் நான் மட்டும்தான் சரி என்று நினைத்தே பழகிய மண்டை, அந்த நேரத்திலும் அடங்க மறுத்தது. அதை நினைத்து எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை. அக்கா தூங்கிவிட்டாள். பாதம் அசையவில்லை. மதாம் நீட்டிய பிஸ்கட்டை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். எங்கள் குலதெய்வத்தை வேண்டினேன். நன்றாக நினைவிருக்கிறது, வேண்டிய வார்த்தை இதுதான்: "நான் தப்பா இருக்கணும் தாயே. எப்படியாவது நான் தப்பா இருக்கணும்."

பவித்ரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்த பிஸ்கட்டில் பாதியை உடைத்துத் தின்றாள்.

அப்போது இடது காலின் கட்டைவிரல் அசைந்தது. துளிதான். மறுபடி அசைந்தது. கொஞ்ச நேரத்தில் வலது கால் விரலும் மடங்கி நிமிர்ந்தது. நான் உடைந்துபோனேன். பெண்கள் வார்டு என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "இன்னாடா? காலு வந்துடிச்சா?"

"வந்துடிச்சிக்கா."

"அப்ப நீ செஞ்சது?"

"தப்புக்கா! சுத்தத் தப்பு!" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.